மறுபடி நேசிக்கத் தடை போடுவது யார்?

துணையை இழந்தவரிடமும் மணமுறிவு பெற்றவரிடமும் 'பழசை மறந்துவிட்டு மனதைத் திற' என்று சொல்வது எளிது. மனக்கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டுமே இருப்பதுபோலப் பேசுகிறோம். பெண்களைப் பொறுத்தவரை வெளிப்பக்கமும் பூட்டு தொங்குகிறது. அதைப் போட்டவர்கள் நாம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணவரை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல். மனைவியை இழந்த ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெண்களின் ஆயுள் கூடுதல், கணவர்களுக்கு வயது அதிகம் என்பவையும் காரணங்கள்தான். ஆனால், மனைவி இறந்து வருஷம் திரும்புவதற்குள் ஆணுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும் குடும்பம், அதே வீட்டு மகள் தனித்து நின்றால் 'அவளுக்கு விதி அவ்வளவுதான்' என்று முடித்துவிடுகிறதே, அதுவும் ஒரு காரணம்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. கைம்பெண் மறுமணத்தை 1856-ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றது. மணமுறிவு பெற்றவர் மீண்டும் மணக்க 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் வழி தந்தது. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான விதவை மறுமண உதவித் திட்டத்தைத் தமிழக அரசு 1975-இலேயே தொடங்கிவிட்டது. இந்தச் சட்டங்களுக்கும் முன்பே நம் உழைக்கும் சமூகங்கள் பலவற்றில், பழைய தாலியை அறுத்துவிட்டு மறுமணம் செய்யும் 'அறுத்துக் கட்டும்' வழக்கம் இருந்தது. மேல்சாதி வழக்கமே கௌரவம் என்று ஆனபோது பலர் அதைக் கைவிட்டார்கள். ஆக, இந்தத் தடையைப் பண்பாடு என்று சொல்வதற்கில்லை. தடை நம் மனப்போக்கில்தான் இருக்கிறது. மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள்: தனக்குக் குழந்தை இருக்கும் ஆணே 'குழந்தை இல்லாத பெண் தேவை' என்று கேட்கிறார்.

'பிள்ளைகளின் கதி என்ன?' என்பது நியாயமான கேள்வி. வருபவர் பிள்ளைகளை ஏற்பாரா, பிள்ளைகள் அவரிடம் ஒட்டுவார்களா என்று அவசரப்படாமல் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஆனால், அதே கேள்வியை ஆணிடம் கேட்காமல், 'பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவாவது ஒருத்தி வேண்டாமா?' என்று அவருக்கு அதையே காரணமாக்குகிறோம். 'மறுபடியும் அடிபட்டால்?' என்பது அடுத்த அச்சம். பட்ட அடி கற்றுத்தந்த எச்சரிக்கை வீண்போகாது. வருபவரின் கோபம், குடி, கடன் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கி நம்புவதே அறிவு. ஒருவர் செய்த துரோகத்துக்காக இனி யாரையுமே நம்புவதில்லை என்று இருந்துவிட்டால், தண்டனை துரோகம் செய்தவருக்கு இல்லை, அடிபட்டவருக்கே. தனியாக வாழ்வதே நிம்மதி என்று ஒருவர் தாமாகத் தேர்ந்தால், அதையும் மதிக்க வேண்டும். அது அவருடைய முடிவாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

காயம் ஆறுவதற்கான அவகாசத்தை அடிபட்டவர் எடுத்துக்கொள்ளட்டும். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் வீட்டு மகனுக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் தருகிற இரண்டாம் வாய்ப்பை, மகளுக்கும் அவள் கேட்பதற்கு முன்பே தாருங்கள்.