யாருக்கு விடுதலை?

போன வாரம் சென்னையில இருந்து ரெண்டு நண்பர்கள் தோட்டத்துக்கு வந்திருந்தாங்க. 'பாரம்' படத்தைப் பத்திப் பேச்சு வந்தது. ஒருத்தர், "தலைக்கூத்தல் கிழடுகளுக்கு விடுதலைதானுங்களே" என்றார். இன்னொருத்தர், "காட்டுமிராண்டிகள், எல்லாரையும் உள்ளே போடணும்" என்றார். ரெண்டு பேருமே படுத்த படுக்கையா கிடக்கிறவங்களுக்கு ஒரு நாளும் துணி மாத்தினவங்க இல்லை.

விடுதலைன்னு சொல்றவருக்கு ஒரு கேள்வி. 2010-ல விருதுநகர் மாவட்டத்துல எண்பது வயசுப் பெரியவர் ஒருத்தர், வீட்டார் தனக்கு நாள் குறிக்கிறதைக் கேட்டுட்டு ஓடித் தப்பிச்சார். விடுதலைன்னா அவர் ஏனுங்க ஓடணும்?

என் கதையையும் சொல்லிடறேன். 2019-ல எங்கம்மா இடுப்பு ஒடிஞ்சு படுத்தாங்க. முதுகுல புண். விடியக்காலம் நான் கொடிக்காலுக்கு வெத்தலை கிள்ளப் போயிருவேன். வீட்டுக்காரி ஒருத்தியே புரட்டிப் போடணும். "என்னைய அனுப்பிச்சுரு சாமி"ன்னு அம்மா அழுதாங்க. "எண்ணெய் தேச்சு ஊத்தி, இளநீர் குடுத்துரு"ன்னு பங்காளி ஒருத்தர் காதோரம் சொன்னார். ஒரு ராத்திரி பூரா அதை நான் யோசிச்சேன். மறைக்கலைங்க.

அப்புறம் பக்கத்து ஊர்ல ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருத்தர் தினமும் வந்து கட்டு மாத்தினாங்க. தண்ணி மெத்தை போட்டோம். ரெண்டு மாசத்துல புண் ஆறிச்சு. அம்மா கேட்ட முதல் கேள்வி, "கொடிக்காலுக்குத் தண்ணி உட்டியாடா?" சாகணும்னு சொன்னது அம்மா இல்லீங்க, அந்தப் புண். அதுக்கப்புறம் பதினோரு மாசம் இருந்து, தூக்கத்துல போனாங்க.

உள்ளே போடணும்கிறவருக்கும் சொல்றேன். தலைக்கூத்தல் கொலைதான், சந்தேகமே இல்லை. ஆனா வீட்டுக்குள்ள நடக்குறதைப் போலீஸ் மட்டும் நிறுத்த முடியாது. தீராத நோயில மெஷினை எடுத்து இயற்கையா போக விடலாம்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 2023-ல நடைமுறையையும் எளிதாக்கிச்சு. அது ஐசியூவுக்கான தீர்ப்பு. கயித்துக் கட்டில்ல கிடக்கிறவருக்கு எடுக்கிறதுக்கு எந்த மெஷின் இருக்கு? அவருக்கு வேணும்கிறது வலி மருந்தும், கட்டு மாத்த ஒரு கையும்.

1962-க்குப் போன் போட்டா மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வண்டி பட்டிக்கே வருது. நல்ல விசயம். மனுசருக்கும் 2021-ல 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்து, வலி தணிக்கிற சிகிச்சையும் அதுல சேர்ந்திருக்கு. அதைத்தான் இன்னும் பெருசாக்கணும். தினமும் கட்டு மாத்த வேண்டிய வீட்டுக்கு தினமும் ஆள் வரணும். பார்த்துக்கிறதுக்காகக் கூலியை விடுற மகளுக்கும் மருமகளுக்கும் உதவித்தொகை வேணும்.

இதையெல்லாம் செஞ்ச பிறகும் ஒருத்தர் "போதும்"னு சொன்னா, அப்போ உக்காந்து பேசலாம். அதுக்கு முன்னாடி இளநீரை நீட்டினா, தீருறது அவங்க வலி இல்லீங்க. நம்ம சிரமம்.