ரிப்பேருக்கு வருகிறவரும் தொழிலாளிதான்!

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னையில் எந்தத் தெருவிலும் இக்காட்சியைக் காணலாம். மூன்றாம் மாடியின் வெளிச்சுவரில் ஏர்கண்டிஷனரின் வெளிப்பெட்டி. அதற்குக் கீழே ஒன்றரை அடி சன்ஷேடு. அதன்மீது ஒரு வாலிபர் நின்று, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் ஸ்பானரைத் திருகிக்கொண்டிருப்பார். இடுப்பில் பெல்ட் கிடையாது, கயிறு கிடையாது. உள்ளே நிற்கும் வீட்டுக்காரர், "பார்த்துப்பா, ஜாக்கிரதை" என்பார். அடுத்த நிமிஷமே, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்பார்.

வீட்டுக்காரரை நாம் பழிக்கவில்லை. அவரும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்தான். தவணையில் வாங்கிய சாமான் அது. (நமது காரியாலயத்தில் ஏர்கண்டிஷனர் இல்லை. இருக்கிற மின்விசிறியும் மே மாதம் பார்த்துத்தான் மக்கர் செய்யும்.) குறைந்த செலவில், இன்றைக்கே வேலை முடிய வேண்டுமென்று அவர் ஆசைப்படுகிறார். இந்த அவசரத்தில் அவரும் ஏமாறுகிறார், மெக்கானிக்கும் ஏமாற்றப்படுகிறார் என்பதே நமது கருத்து.

எப்படி? ஒவ்வொரு கோடையிலும் "காஸ் குறைந்துவிட்டது" என்று பணம் கொடுக்கிறோம் அல்லவா? இந்த காஸ், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். முறைப்படி செய்வதானால், நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பற்றவைக்க வேண்டும். வாக்குவம் பம்ப் வைத்து உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். பிறகு பெட்டியின் லேபிலில் கண்ட எடைக்கு காஸை நிறுத்து ஏற்ற வேண்டும். சில மணி நேரம் பிடிக்கும் வேலை. அதைச் செய்யாமல் காஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போனால், அடுத்த கோடைக்கும் அதே செலவு வரும்.

பதினெட்டு வருஷமாக இந்த வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம், ஏன் முறைப்படி செய்வதில்லை என்று கேட்டோம். "செய்யத் தெரியாமலா தோழர்? ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் என்று செல்போனிலேயே கணக்கு வைத்துவிடுகிறான். தாண்டினால் அடுத்த வீட்டுக்காரர் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார். நட்சத்திரம் குறைந்தால் வேலை வராது" என்றார். ஸ்பானர் அவருடையது, வண்டி அவருடையது, பெட்ரோல் செலவும் அவருடையது. ஆனால் கமிஷன் மட்டும் கம்பெனிக்கு! இருந்தும் அவர் தொழிலாளி இல்லையாம், "பங்காளி"யாம். பங்காளிக்கு லாபத்தில் பங்கு எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது.

ஆபத்தும் மாறியிருக்கிறது. பழைய ஆர்-22 காஸ் எளிதில் தீப்பற்றாது. இன்று புதுப் பெட்டிகளில் பரவலாக வரும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக் கூடியது. சில பெட்டிகளில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேனேதான். சமையல் காஸின் இனம். இதில் பழைய பழக்கத்தில் பற்றவைக்கப் போனால் என்ன ஆகும்? ஐ.டி.ஐ.யில் இத்தொழிலுக்கு இரண்டு வருஷப் படிப்பு உண்டு. ஆனால் ஹெல்பராகச் சேர்ந்து கைப்பழக்கத்தில் கற்றவர்கள் ஏராளம். அவர்களுடைய திறமையை நாம் மதிக்கிறோம். புது காஸைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தருவது யார் பொறுப்பு? 2022-23க்குள் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்று 2019-ல் மத்திய சர்க்காரின் குளிர்விப்புச் செயல்திட்டம் கூறியது. பயிற்சிக்குப் போகும் நாளுக்குக் கூலி யார் தருவார்கள்?

சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2023-ல் இத்தகைய தொழிலாளருக்கு நல வாரியம் அமைந்தது, நல்லதே. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தது. கம்பெனிகள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தரவேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டம், இவர்களை முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்திவிட்டது. குறைந்தபட்சக் கூலி இல்லை. வேலை நேர வரம்பும் இல்லை. நிதியைக் கொடுத்து உரிமையைப் பறிக்கிற கணக்கு இது!

இவர்களைத் தொழிலாளி என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நாம் கோருகிறோம். உயரத்தில் செய்யும் வேலைக்கு இரண்டாவது ஆளை அனுப்புவதும், அவருக்குக் கூலி தருவதும் கம்பெனியின் கடமை. வாசகர்களும் ஒன்று செய்யலாம். "காஸ் போட எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "கசிவு எங்கே?" என்று கேளுங்கள். அதைத் தேடுவதற்கு ஆகும் நேரத்துக்குப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பெல்ட் ஏன் கட்டுவதில்லை என்றும் அந்த மெக்கானிக்கிடம் கேட்டோம். பையைத் திறந்து காட்டினார். சொந்தக் காசில் வாங்கிய பெல்ட் உள்ளே இருந்தது. "கட்டத் தயார்தான் தோழர். கொக்கியை எதில் மாட்டுவது? லட்ச லட்சமாக வாங்கிக் கட்டுகிற அடுக்குமாடியில், வெளிச்சுவரில் ஓர் இரும்பு வளையம் வைக்க எந்த பில்டருக்கும் தோன்றவில்லையே" என்றார். பில்டர்களும், கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரிகளும் இதற்குப் பதில் சொல்லட்டும்.