கிகாஹெர்ட்ஸ் பைத்தியம் எப்போது தெளியும்?

கிகாஹெர்ட்ஸ் அதிகமென்றால் கம்ப்யூட்டர் வேகம் என்று இன்னும் எத்தனை நாள் நம்பப் போகிறோம் மக்களே?

2004-இல் வந்த பென்டியம் 4 (570) 3.8 கிகாஹெர்ட்ஸ். 2006-இல் வந்த கோர் 2 டுயோ இ6600 வெறும் 2.4. ஒரு கோரை மட்டும் ஓட்டினாலும் ஜெயிப்பது இரண்டாவதுதான்! காரணம், ஒரு துடிப்பில் அது முடிக்கும் வேலை அதிகம். பென்டியத்தில் ஒரு கட்டளை 31 படி ஏற வேண்டும். நடுவில் கணிப்பு தவறினால் ஏறியதெல்லாம் வீண். கோர் 2-இல் 14 படிதான்.

இன்று அதே மோகம் 'ஐ7' ஸ்டிக்கர் மேல். 2017-இல் வந்த ஐ7-7700-ஐ 2022-இல் வந்த சாதாரண ஐ3-12100 முந்துகிறது. இரண்டிலும் நான்கு கோர்தான்!

செகண்ட்ஹேண்ட் கடையில் 'ஐ7 சார்' என்றால் மயங்காதீர்கள். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். அப்பா கடன் வாங்கித் தந்த காசு அது.