எழுபதும் எழுபதும் சமமா?

மாணவ நண்பர்களே, ஒரு சிறு பெருக்கல் கணக்கோடு தொடங்குவோம். 32ஐ 2.2ஆல் பெருக்கினால் 70.4 வருகிறது. 28ஐ 2.5ஆல் பெருக்கினால் 70 வருகிறது. ஏறக்குறைய ஒரே விடைதான். ஆனால் முதற் கணக்குக்கு உரிய பொருளின் பட்டியல் விலை 4,200 டாலர். இரண்டாவதற்கு உரிய பொருளின் விலை 10,009 டாலர்!

அந்தப் பொருள்கள் இரண்டும் 2017ஆம் ஆண்டின் கோடையில் சில வார இடைவெளியில் விற்பனைக்கு வந்த சர்வர் செயலிகள். முதலாவது ஏ.எம்.டி. நிறுவனத்தின் எபிக் 7601. இரண்டாவது இன்டெல் நிறுவனத்தின் சியான் பிளாட்டினம் 8180. இவற்றைவிடத் திறன்மிக்க செயலிகள் இப்போது வந்துவிட்டன. ஆயினும் இந்தப் பழைய போட்டியில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

ரயிலில் இடம் பதிவு செய்யும்போதும், வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும் எங்கோ இருந்துகொண்டு ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருக்கு விடை சொல்லும் கணிப்பொறியே சர்வர். அதன் மூளை போன்றது செயலி. செயலிக்குள் தனித்தனியே கணக்குப் போடவல்ல பகுதிகள் உண்டு. அவற்றைக் கோர் என்பார்கள். எபிக்கில் 32 கோர்கள். ஒவ்வொன்றின் அடிப்படை வேகம் நொடிக்கு 220 கோடித் துடிப்பு, அதாவது 2.2 கிகாஹெர்ட்ஸ். சியானில் 28 கோர்கள், வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ். நாம் மேலே பெருக்கியவை இந்த எண்களைத்தான்.

"இரண்டும் எழுபதுதானே! மலிவானதை வாங்கிவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்வார்கள். "விலை அதிகம் என்றால் தரமும் அதிகமாகத்தான் இருக்கும்" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரு சாராரும் அவசரப்படுகிறார்கள் என்பதே என் கருத்து.

ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை?

ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அகப்பை ஏறி இறங்கிற்று என்று எண்ணினால் மட்டும் பரிமாறிய சோற்றின் அளவு தெரியுமா? அகப்பையின் அளவையும் பார்க்க வேண்டும் அல்லவா? செயலியும் அப்படித்தான்.

வானிலைக் கணிப்பு போன்ற வேலைகளில் கோடிக்கணக்கான தசம எண்களைப் பெருக்கிக் கூட்ட வேண்டியிருக்கும். அத்தகைய 64 பிட் எண்களில், சியானின் ஒரு கோர் ஒரே துடிப்பில் 16 பெருக்கல்-கூட்டல்களைச் செய்யவல்லது. எபிக்கின் கோர் செய்யவல்லது 4தான். அதாவது சியானின் அகப்பை நான்கு மடங்கு பெரிது! ஆனால் இவ்வளவு பாரம் ஏற்றும்போது சூடு மிகாமல் இருக்கச் சியான் தன் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே நான்கு மடங்கும் முழுமையாகக் கிட்டாது. மேலும், இந்தப் பெரிய அகப்பையைப் பயன்படுத்தும்படி நிரல் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் அது இருந்தும் பயனில்லை.

அப்படியானால் சியானே வென்றதா? பொறுங்கள்.

காய் நறுக்க ஆளில்லாத சமையற்கட்டு

கல்யாண வீட்டில் சமையற்காரர்கள் முப்பது பேர் இருக்கலாம். காய் நறுக்கிக் கொடுப்பவர் இருவரே என்றால் அந்த முப்பது பேரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். செயலிக்கு எண்களைக் கொண்டுவந்து கொடுப்பது நினைவகம். எபிக்கில் நினைவகத்துக்கு 8 பாதைகள், சியானில் 6. ஒவ்வொரு பாதையிலும் நொடிக்கு ஏறத்தாழ 21.3 கிகாபைட் வரலாம். பெருக்கிப் பாருங்கள்: எபிக்குக்குச் சுமார் 170, சியானுக்கு 128. கணக்கு எளிது, ஆனால் எடுத்தாள வேண்டிய எண்களோ ஏராளம் என்ற வகை வேலைகளில் எபிக் முந்திக்கொள்ளும்.

வட்டுகள், வலையட்டைகள் முதலிய சாதனங்களோடு பேசும் தடங்கள் எபிக்கில் 128, சியானில் 48. ஆனால் ஒரே சர்வரில் எட்டுச் சியான்கள் வரை இணைத்து வேலை வாங்கலாம். எபிக்கை இரண்டுக்கு மேல் இணைக்க முடியாது. பார்த்தீர்களா, ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு வெற்றியாளர்!

மலிவின் இரகசியம்

எபிக்கை எப்படிக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது? சியானின் 28 கோர்களும் ஒரே பெரிய சிலிகான் சில்லில் அமைந்தவை. எபிக்கில் தலா 8 கோர்கள் கொண்ட நான்கு சிறு சில்லுகள் ஒரே உறைக்குள் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 213 சதுர மில்லிமீட்டர்.

ஒரு சிலிகான் தகட்டில் அங்குமிங்குமாகப் பத்துப் பழுதுகள் இருப்பதாகக் கொள்வோம். தகட்டை நூறு பெரிய துண்டுகளாக வெட்டினால் பத்துத் துண்டுகள் வரை, அதாவது தகட்டில் பத்தில் ஒரு பங்கு பழுதாகும். நானூறு சிறு துண்டுகளாக வெட்டினாலும் பழுதாவது அதே பத்துத் துண்டுகள்தாம்; ஆனால் இப்போது அது நாற்பதில் ஒரு பங்கே! சிறு சில்லுகளின் சிக்கனம் இதுதான். இதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியதும் உண்டு: ஒரு சில்லிலிருந்து அடுத்த சில்லுக்குச் செய்தி போய்வரக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

விலை வேறு, செலவு வேறு

இப்போது பணத்துக்கு வருவோம். இரண்டின் விலை வேறுபாடு 5,809 டாலர். பெரிய தொகைதான். ஆனால் சர்வரில் ஓடும் மென்பொருளுக்கும் விலை உண்டு. சிலவற்றுக்குக் கோர்களின் எண்ணிக்கைப்படி உரிமக் கட்டணம் வாங்குகிறார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2017 என்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை கோர் ஒன்றுக்குச் சுமார் 7,000 டாலர். எபிக்கில் நான்கு கோர்கள் கூடுதல். ஆக, கூடுதல் கட்டணம் 28,000 டாலர்! 5,809 டாலர் மிச்சம் பிடித்தவர் அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பணத்தை வேறு வாசல் வழியே கொடுத்துவிடுகிறார். உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ் போன்ற மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இந்தக் கவலை இல்லை. அவருக்கு எபிக்கின் மலிவு உண்மையான மலிவே.

மின்சாரத்தையும் பாருங்கள். எபிக்குக்குக் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 180 வாட்; சியானுக்கு 205. வேறுபாடு 25 வாட், ஒரு சிறு விளக்கின் அளவுதான். ஆனால் சர்வர் இரவு பகலாக ஓடுவது. முழுப் பாரத்தோடு ஓடினால் ஆண்டுக்கு 8,760 மணி நேரத்தில் 219 யூனிட் வேறுபடும். ஆயிரம் செயலிகள் உள்ள கூடத்தில் இது இரண்டு இலட்சம் யூனிட்டைத் தாண்டும்.

விலை சொல்வது என்ன?

"பத்தாயிரம் டாலருக்கு விற்றார்களே, அதில் ஏதோ சிறப்பு இருக்க வேண்டுமே" என்று இன்னும் உங்களுக்குத் தோன்றலாம். பின்னர் நடந்ததைக் கேளுங்கள். 2019இல் இன்டெல் வெளியிட்ட சியான் பிளாட்டினம் 8280இன் விலையும் 10,009 டாலர். 28 கோர்கள், 2.7 கிகாஹெர்ட்ஸ். ஏ.எம்.டி.யின் போட்டி முற்றிய பிறகு, 2020 பிப்ரவரியில் அதே நிறுவனம் சியான் கோல்டு 6258ஆர் என்ற செயலியை வெளியிட்டது. அதுவும் 28 கோர்கள், அதுவும் 2.7 கிகாஹெர்ட்ஸ். விலை 3,950 டாலர்! இரண்டுக்கு மேல் இணைக்க முடியாது என்பதே அதன் முக்கியக் குறை. இரண்டே செயலிகள் கொண்ட சர்வரை வாங்குவோருக்கு அது ஒரு குறையே அல்ல. ஓராண்டுக்குள் சிலிகானின் திறன் மாறிவிடவில்லை; கடைவீதிதான் மாறிற்று. விலைச்சீட்டு கடைவீதியின் நிலையைச் சொல்லும். பொருளின் திறனைச் சொல்லாது.

ஆகவே, "எது சிறந்த செயலி?" என்பது அரைகுறைக் கேள்வி. "எந்த வேலைக்கு? எந்த மென்பொருளோடு? எத்தனை ஆண்டுகளுக்கு?" என்று சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வியாகும். விற்பவர் தமக்குச் சாதகமான சோதனையைத்தான் முன்னால் வைப்பார். நம்முடைய வேலையை நாமே அதில் ஓட்டிப் பார்ப்பதே நம்பத்தகுந்த சோதனை.

நாளை உங்களில் ஒருவர் ஓர் அரசு மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ கணிப்பொறி வாங்கும் பொறுப்பில் அமரக்கூடும். அப்போது செலவழிவது மக்கள் பணம். ஒற்றை எண்ணைக் காட்டி யாரேனும் உங்களை மயக்க முயன்றால், எழுபதும் எழுபதும் சமமாகாமல் போன இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.