மேட்டூர் நந்தியும் டில்லிக் காமிராவும்

மேட்டூர் அணையில் நீர் வற்றினால் ஒரு நந்தியின் தலை தெரியும். ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தெரியும். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணைக்காக, வீட்டையும் வயலையும் விட்டுக் குடிபெயர்ந்த பண்ணவாடி மக்களின் அடையாளங்கள் அவை. நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர் கிடைத்தது. ஊரை இழந்தவன் கதையை எந்தத் தொலைக்காட்சியில் எத்தனை முறை கண்டீர்கள், தோழர்களே?

வியாபாரிகளின் தொலைக்காட்சியைக் கேட்கவில்லை. உங்கள் வரிப்பணத்தில் நடக்கும் தூர்தர்ஷனைக் கேட்கிறோம். 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதிச் சட்டம், பல்வேறு பகுதிகளின் பண்பாட்டுக்கும் மொழிகளுக்கும் போதிய இடம் தருவதை அதன் கடமையாக விதித்திருக்கிறது. ஆகவே நாம் நீட்டுவது பிச்சைப் பாத்திரமல்ல, பங்குக் கணக்கு!

அந்தக் கணக்கைப் பார்ப்போமா? 1987இல் இராமாயணம் தொடங்கியது. 78 பகுதிகள் ஓடியது. 2020 ஊரடங்கில் தூசி தட்டி மீண்டும் ஓட்டினார்கள். புராணத்துக்கு நேரம் இருந்தது. வரலாற்றுக்கு? நல்லதை நல்லதென்றே சொல்வோம்: நேருவின் நூலைக் கொண்டு ஷியாம் பெனகல் எடுத்த 53 பகுதித் தொடர் 1988இல் வந்தது. அதில் சிலப்பதிகாரம் இருந்தது, சோழரும் இருந்தனர். ஆனால், கண்ணகி இந்தியில் நீதி கேட்டாள்!

2024 சனவரியில் பொதிகை என்ற பெயரை நீக்கி 'டிடி தமிழ்' என்றார்கள். பெயரில் தமிழ் ஏறியது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே நடந்த இந்தி மாத நிறைவு விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிடம் வரும் வரி விடுபட்டது. பின்னர் மன்னிப்புக் கேட்டார்கள். வரி விடுபட்டதற்கு மன்னிப்பு உண்டு, வரலாறு விடுபட்டதற்கு?

காட்டுவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்த இரும்பு 3,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று ஆய்வு கூறுகிறது. 1830களில் ஹீத் என்ற வெள்ளையர் சேலத்து இரும்புக் கல்லைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்கினார். 1970இல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இரும்பின் வரலாறு ஒரே மாவட்டத்தில் அடங்கிக் கிடக்கிறது! நாமக்கல்லில் ஒரே பாறையைக் குடைந்து 8ஆம் நூற்றாண்டில் குகைக்கோயில்கள் செய்தார்கள். சாமிக்காகச் சொல்லவில்லை, உளி பிடித்த கைக்காகச் சொல்கிறோம்.

திருமணிமுத்தாறு சேலத்தின் சாயக்கழிவைச் சுமந்து நாமக்கல் வயல்களைக் கடந்து காவிரிக்குப் போகிறது. பட்டறையை மூடு என்கிறார் உழவர். அடுப்பு அணையும் என்கிறார் தொழிலாளி. இருவரும் நம்மவர். இருவர் வழக்கையும் கேட்டு, கழிவைச் சுத்தம் செய்யும் வழியையும் செலவையும் விளக்கிக் காட்ட வேண்டாமா? வியாபாரத் தொலைக்காட்சிக்கு விளம்பரதாரரின் முகம் பார்க்க வேண்டியிருக்கலாம். அரசுத் தொலைக்காட்சி யார் முகத்தைப் பார்க்கிறது?

படமெடுக்கத் தெரியாத ஊரா இது? மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர்! கலைஞரின் எழுத்தில் 1950இல் 'மந்திரி குமாரி' பிறந்த ஊர்! 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தைத் தந்த ஊர்! 'வயலும் வாழ்வும்' நடத்தி உழவனின் வாசல்வரை வந்த நிலையத்துக்குச் சேலம் எட்டாத தூரமா?

சேலம், நாமக்கல் மண்ணைப் பற்றிய ஆவணப்படங்கள் தமிழிலேயே எடுக்கப்பட வேண்டும். அதில் பண்ணவாடிப் பேரனும், வெள்ளைக்கல் சுரங்கத் தொழிலாளியும், தறிக்காரரும் தம் வாயால் பேச வேண்டும். நள்ளிரவில் அல்ல, உழைத்தவன் வீடு திரும்பி உட்காரும் வேளையில் ஒளிபரப்ப வேண்டும். கிளைதோறும், சங்கந்தோறும் தீர்மானம் போடுங்கள். நிலையத்துக்கு அஞ்சலட்டை எழுதுங்கள். மூத்தோரிடம் கேட்டு ஊர்க்கதையை இன்றே எழுதி வையுங்கள். காமிரா வரும் நாளில் சொல்வதற்கு ஆள் இருக்க வேண்டும்!