சங்கிலி கோக்கலாமா?

நிரல் எழுதப் பழகும் உங்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் சங்கிலி கோக்கும் ஆசை வந்துவிடும். ஒரு பொருளிடம் ஒரு வேலையைச் சொல்லி, கிடைத்த விடையிடமே, நடுவில் ஒரு புள்ளி வைத்து, அடுத்த வேலையையும் சொல்லிவிடுவது. பைத்தான் மொழியில் ஸ்ட்ரிப் என்ற மெத்தட், ஒரு பெயரின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்கும். அப்பர் அதைப் பெரிய எழுத்தாக்கும். இரண்டையும் ஒரே வரியில் கோக்கலாம். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் புதிய சொல்லைத் தருகிறது. மூலச்சொல் அப்படியே இருக்கிறது.

என் மாணவர் ஒருவர் தனி ஊசலின் 20 அலைவுகளுக்கான நேரத்தை 30 முறை அளந்தார். குறிப்பேட்டில் எழுதாமல் நேரே கணிப்பொறியில் பட்டியலாகத் தட்டினார். (இது தனிக் குற்றம்!) பிறகு சார்ட், அதனுடன் ரிவர்ஸ் என்று கோத்தார். பிழைச் செய்திதான் வந்தது. பைத்தானின் சார்ட் அந்தப் பட்டியலையே அடுக்கிவிட்டு, விடையாக ‘ஒன்றுமில்லை’ என்பதைத் தரும். ஒன்றுமில்லாததை எப்படித் தலைகீழாக்குவது?

“பட்டியலையே திருப்பித் தந்தால் என்ன, சார்?” என்று கோபித்துக்கொண்டார்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சார்ட் அப்படித்தான் தருகிறது. விடைக்குப் புதுப்பெயர் சூட்டியவர், பழைய பட்டியல் பத்திரமாக இருப்பதாக நம்பிவிடுவார். பெயர்கள்தாம் இரண்டு, பட்டியல் ஒன்றே! மூலத்தைத் தொடாமல் அடுக்கித் தரும் டூசார்ட்டட் அந்த மொழியின் தரத்தில் 2023-இல்தான் சேர்ந்தது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம், புதிய மதிப்பைத் தரும் செயல்களுக்கே சங்கிலி ஏற்றது என்று 2003-இலேயே விளக்கினார். நான் அவர் கட்சி.

அளந்த வரிசை போனால் என்ன நட்டம் என்கிறீர்களா? ஊசலின் நூல் மெல்ல நீண்டுகொண்டே வந்தால், பிந்திய அளவுகள் கூடும். அதைக் காட்டிக்கொடுப்பது அந்த வரிசைதான். அடுக்கிய பிறகோ, எந்த அளவுகளும் கூடிக்கொண்டே போவதாகத்தான் தெரியும்! சார்ட்டட் என்று எழுதியிருந்தால் புதிய பட்டியல் கிடைத்திருக்கும், பழையது பிழைத்திருக்கும்.

பிழைச் செய்தி வருமுன்பே சார்ட் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. மறுநாள் மீண்டும் ஊசலை ஆட்டினோம், இம்முறை குறிப்பேட்டுடன்.