வீட்டுக் கொட்டகையிலே ஆகாய விமானம்!

எண்ணூரிலே லாரி செய்கிறார்கள். திருவொற்றியூரிலே டயர் செய்கிறார்கள். ராயபுரத்தை அடுத்த காசிமேட்டிலே பைபர் படகுகளைப் பழுது பார்த்துக் கடலுக்கு அனுப்புகிறார்கள். லேத்து, வெல்டிங், ரிவெட் எல்லாம் வடசென்னைத் தொழிலாளிக்குக் கைவந்த வேலைகள்.

இந்தக் கைகளால் ஓர் ஆகாய விமானத்தைக் கட்ட முடியுமா? அதுவும் வீட்டோடு ஒரு கொட்டகை போட்டு, ஓய்வு நேரத்திலே?

முடியும்! உலகத்திலே ஆயிரக்கணக்கான பேர் அப்படிக் கட்டிப் பறந்திருக்கிறார்கள். ஆனால் இந்தியாவிலே, கட்டுவது பாதி வேலைதான். அனுமதி வாங்குவது மீதி வேலை!

பெட்டியிலே வரும் விமானம்

அமெரிக்காவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் சில கம்பெனிகள் விமானத்தின் பாகங்களைப் பெட்டிகளில் அடைத்து விற்கின்றன. இதற்குக் 'கிட்' என்று பெயர். அலுமினியத் தகடுகள் வெட்டப்பட்டு, துளை போடப்பட்டு வரும். படம் பார்த்து ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டும். சில விமானங்களின் உடல் கண்ணாடி நாராலும் பிசினாலும் ஆனது. பைபர் படகு செய்வதும் அதே சரக்கால்தான்.

இறக்கைகள் நீளமானவை. ஆகையால் அவற்றைத் தனியே செய்து, விமானத் திடலுக்குக் கொண்டுபோய் மாட்டுவார்கள்.

அமெரிக்காவிலே ஒரு விதி உண்டு. வேலையில் பாதிக்கு மேல் சொந்த ஆசைக்காகவோ படிப்புக்காகவோ செய்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது 'வீட்டு விமானம்' ஆகும்.

சென்னை முந்திக்கொண்டது

இந்த ஆசை சென்னைக்குப் புதிதல்ல. 1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் விமானத்திலே ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். அந்தச் செய்தி சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவரை உலுக்கிவிட்டது.

அவர் விமானத்துக்குப் படம் போட்டார். கோச்சு வண்டி செய்துவந்த சிம்சன் கம்பெனி அதைக் கட்டிக் கொடுத்தது. 1910-ல் பல்லாவரத்திலே அதைச் சோதித்தார்கள். அலகாபாத்திலிருந்து உலகின் முதல் விமானத் தபால் பறந்தது 1911 பிப்ரவரியில்தான். சென்னைத் தொழிலாளிகள் அதற்கு முன்பே விமானம் செய்துவிட்டார்கள்!

மாடியிலே ஆறு பேர் விமானம்

மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ். தம் வீட்டு மொட்டை மாடியிலே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். வீட்டுக்கு லிப்ட் கிடையாது. எஞ்சின், வெல்டிங் யந்திரம் எல்லாவற்றையும் குறுகிய படிக்கட்டில் தூக்கிச் சென்றார்கள். முந்தைய இரண்டு முயற்சிகளும் பலிக்கவில்லை. அவர் தளரவில்லை.

2016 பிப்ரவரியில் மும்பைக் கண்காட்சியிலே அந்த விமானம் வைக்கப்பட்டது. ஜனங்கள் வியந்தார்கள். ஆனால் பதிவு கிடைத்தது 2017 நவம்பரில். பறக்க அனுமதி கிடைத்தது 2019 அக்டோபரில்! கண்காட்சிக்கும் அனுமதிக்கும் நடுவே மூன்றரை ஆண்டுகள் ஓடிவிட்டன.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். கேரளத்தைச் சேர்ந்த அசோக் தாமராட்சன் அங்கே போர்டு மோட்டார் கம்பெனி என்ஜினீயர். கொரோனா ஊரடங்கிலே தென் ஆப்பிரிக்காக் கிட் ஒன்றை வரவழைத்தார். வீட்டிலே கொட்டகை போட்டு வேலை தொடங்கினார். சுமார் 18 மாதத்தில் நான்கு பேர் விமானம் தயார். 2022-ல் பறந்தது. மகள் பெயரையே விமானத்துக்கு வைத்தார். குடும்பத்தோடு அதிலே ஊர் சுற்றினார்.

இத்தனைக்கும் இங்கிலாந்திலே சோதனை இல்லாமல் இல்லை. வேலை நடக்கும்போதே இன்ஸ்பெக்டர் கட்டம் கட்டமாகப் பார்க்கிறார். தவறு இருந்தால் அங்கேயே பிரித்துத் திருத்தச் சொல்கிறார்.

சோதனை எதற்கு?

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், ஒருவர் வீட்டிலே கட்டிய விமானத்தை வாங்கினார். அதிலே பெட்ரோல் திருகு, படத்தில் காட்டிய இடத்தில் இல்லை. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். 1997 அக்டோபர் 12-ந் தேதி விமானம் கடலில் விழுந்து டென்வர் மாண்டார். அந்தத் திருகைத் திருப்ப முயன்றபோதுதான் விமானம் கட்டுப்பாடு இழந்திருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள்.

வடசென்னையை எண்ணிப் பாருங்கள். துறைமுகம், மணலி எண்ணெய் ஆலை, நெருக்கமான மீனவர் குப்பங்கள்! விமானத்தைத் திருவொற்றியூரிலே கட்டலாம். ஆனால் சோதித்துப் பார்க்காத விமானம் அந்தக் கூரைகளின் மேல் பறக்கக் கூடாது. ஊருக்கு வெளியே, விமானத் திடலில்தான் முதலில் பறக்க வேண்டும்.

புதுச் சட்டம் வந்தாயிற்று

1934-ம் ஆண்டு விமானச் சட்டம் போய்விட்டது. 2025 ஜனவரி முதல் 'பாரதிய வாயுயான்' சட்டம் நடப்பில் இருக்கிறது. விமானத்தை வடிவமைப்பதும் கட்டுவதும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன.

வீட்டிலே கட்டுகிறவரை அதிகாரிகள் எப்படி நடத்தப் போகிறார்கள் என்பதே இப்போது கேள்வி. சோதனையைக் குறைக்க வேண்டியதில்லை. கட்டி முடித்த பிறகு ஆண்டுக் கணக்கில் காக்க வைப்பதை விட்டு, முதல் ரிவெட்டிலிருந்தே வந்து பார்க்க வேண்டும். இன்ன தேதிக்குள் பதில் என்று கெடு வைக்க வேண்டும்.

செலவும் சிறிதல்ல, அசோக்கின் விமானத்துக்குக் கோடி ரூபாய்க்கு மேல் ஆயிற்று. தனி ஒருவரால் ஆகாது. ஆனால் ஒரு பாலிடெக்னிக்கோ, தொழிற்சாலைத் தோழர்கள் பத்துப் பேரோ சேர்ந்தால் முயலலாம்.

1946-ல் திருவொற்றியூரிலே ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகளுக்குப் பலூன் செய்தார். அதுதான் இன்றைய எம்.ஆர்.எப். இன்று அது விமானத்துக்கும் டயர் செய்கிறது. கொட்டகை வேலைதானே என்று சர்க்கார் அலட்சியம் செய்யலாகாது.